நார்வேக்குப் போன மீன்

ஸ்கார்வோ ஊர் மண்டபத்தில் நான் என் கணவனை எதிர்த்துப் பேசிய கதையை இங்கே ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நான் நாற்காலியைத் தூக்கினேன் என்றுகூட ஒருத்தி சொல்லிக் கேட்டிருக்கிறேன். தூக்கவில்லை. எழுந்து நின்ற வேகத்தில் அது பின்னால் சாய்ந்து விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூட்டத்தைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் வில்மாவைச் சொல்ல வேண்டும். வில்மாவைச் சொல்ல வேண்டுமென்றால் மீன் ஆலையைச் சொல்ல வேண்டும்.

ஆலையில் சேர்ந்தபோது எனக்குப் பதினேழு வயது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள எங்கள் ஷெட்லாந்துத் தீவுகளில் அப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் கானாங்கெளுத்திதான் பேச்சு. பெரிய ஊரான லெர்விக்கின் துறைக்கு வெளியே, மீன் வாங்க வந்த ரஷ்யாக்காரர்களின் கப்பல்கள் துருப்பிடித்த வீடுகள் மாதிரி நிற்கும். நானும் வில்மாவும் ஒருநாள் மலைமேல் நின்று எண்ணினோம், அறுபத்தெட்டு. மாலுமிகள் கரைக்கு வந்து ஓட்டை உடைசல் லாடா கார்களை வாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் படகுகள் பிடிக்கிற மீனில் பெரும்பங்கு அந்தக் கப்பல்களுக்குப் போகும். மிச்சம் ஸ்கார்வோவில் இருந்த எங்கள் ஆலைக்கு வரும். அந்த மிச்சமே எங்களுக்கு மூச்சுமுட்டுகிற அளவுக்கு இருந்தது.

மீன் ஓடிவரும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் அறுபத்திரண்டு பெண்கள். மஞ்சள் ஏப்ரன், தலைக்கு வலை, ரப்பர் கையுறைக்கு உள்ளே பருத்திக் கையுறை, அப்படியும் பத்து மணிக்கெல்லாம் விரல்கள் நம்முடையவை இல்லை என்று ஆகிவிடும். மீன் நீலமும் பச்சையுமாய் வழுக்கிக்கொண்டு வரும். பெரியது இந்தப் பக்கம், சிறியது அந்தப் பக்கம், அடிபட்டது கீழே. என் இடதுபக்கம் வில்மா டெய்ட் நின்றாள். என்னைவிட நாலு வயது மூத்தவள், என்னைவிட நாலு மடங்கு வாய். எந்திர இரைச்சலில் ஒரு சொல் காதில் விழாது. அதனால் உதட்டைப் பார்த்தே பேசப் பழகியிருந்தோம். யார் கர்ப்பம், யார் வீட்டுப் பன்றி செத்தது, யார் யாரோடு லெர்விக்கில் காபி குடித்தார்கள், எல்லாம் சத்தமே இல்லாமல் பெல்ட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். அந்தப் பழக்கம் வெளியேயும் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிரசங்கியார் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடியிலிருந்து வில்மா அவருடைய புதுப் பல்செட்டைப் பற்றி உதட்டால் சொல்லுவாள். நான் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொள்வேன்.

லோரியை முதலில் பார்த்ததும் அந்தப் பெல்ட்டருகில்தான். அவன் அப்போது தன் மாமாவின் படகில் வலை இழுக்கிற ஆள். வயது இருபத்தொன்று. மஞ்சள் எண்ணெய்த்துணி உடையோடு, பூட்ஸைக்கூடக் கழுவாமல் நேராக உள்ளே வந்துவிட்டான். தேநீர் இடைவேளை என்பதால் எந்திரம் நின்றிருந்தது.

"யாரு இங்க பொறுப்பு? எங்க படகு ரெண்டு மணி நேரமா காத்துக் கெடக்கு!"

"கெடந்தா என்ன? படகுக்குக் கால் வலிக்குதாமா?" என்றாள் வில்மா.

"மீன் கெட்டுப் போகும்."

"மீன் நல்லாத்தான் இருக்கும். உன் மூஞ்சிதான் கெட்டுப் போன மாதிரி இருக்கு. உக்காரு, டீ குடி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சற்று அதிகமாகவே சிரித்திருக்க வேண்டும். அவன் என் பக்கம் திரும்பினான். "இவ யாரு?"

"இவ ஓஸ்லா. இவளுக்காகவும் காத்துக் கெடக்கணும். அங்கயும் வரிசை நீளம்."

காத்திருப்பது லோரிக்கு எப்போதுமே பிடிக்காது. ஆனால் எனக்காக இரண்டு வருடம் காத்திருந்தான். அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறான்.

கல்யாணத்துக்கு வில்மாதான் தோழி. வெள்ளிக்கிழமை மாலைவரை இருவரும் பெல்ட்டில் நின்றுவிட்டு, சனிக்கிழமை காலை எலுமிச்சம்பழத்தால் கையைத் தேய்த்துக்கொண்டு போனோம். அப்படியும் மோதிரம் போடும்போது லோரி மூக்கைச் சுளித்துச் சிரித்தான். உப்பிட்டு உலர்த்திய ஆட்டுக்கறி சூப்பும் தட்டையான பானக் ரொட்டியும் முந்நூறு பேருக்கு. இரண்டு ஃபிடில்காரர்கள் விடாமல் வாசித்தார்கள்.

படகுக்காரனின் மனைவியான பிறகும் நான் வேலையை விடவில்லை. வீட்டில் தேவை இல்லைதான். ஆனால் அக்டோபர் வந்து, ஆலையின் நீராவி குடாவின் மேல் வெள்ளையாய் எழும்பும்போது வீட்டில் உட்கார்ந்திருக்க யாரால் முடியும்? அந்த மாதங்களில் ஸ்கார்வோ தூங்காத ஊர். பேக்கரி விடிவதற்கு முன்பே திறந்துவிடும். மூன்று ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு பஸ் வரும். வெல்டிங் பட்டறையில் பொறி பறக்கும். பள்ளிக்கூடத்தில் நாற்பத்தொரு பிள்ளைகள். மதியம் மணியடித்தால் சத்தம் எங்கள் உணவறைவரை கேட்கும். "அது என் பையன் கத்தறது, பாட்டு மாதிரி இல்ல?" என்பாள் வில்மா. அவள் பையன் கத்தினால் கழுதை கத்துகிற மாதிரி இருக்கும். எனக்கும் லோரிக்கும் பிள்ளைகள் இல்லை. அந்தச் சத்தத்தில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

பிறகு ரஷ்யக் கப்பல்கள் ஒவ்வொன்றாய் வராமல் போயின. படகுகள் பெரிதாகின. லோரி மாமாவின் பங்கையும் சேர்த்து, நார்வேயில் கட்டிய புதுப் படகு ஒன்றைக் கொண்டுவந்தான். எழுபது மீட்டர் நீளம். வயிற்றுக்குள் குளிர்நீர்த் தொட்டிகள். மாடிப் படிகள், சோபா, குளியலறை எல்லாம் உண்டு. முகப்பில் வெள்ளை எழுத்தில் 'ஸ்கார்வோ ஸ்டார்' என்று எழுதியிருந்தது. அது முதல்முறை குடாவுக்குள் நுழைந்தபோது பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். நான் அழுதேன். வில்மாவும் அழுதாள்.

அடுத்த இலையுதிர்காலத்தில், ஒருநாள் காலை உணவின்போது லோரி ரொட்டியில் வெண்ணெய் தடவியபடியே சொன்னான்.

"இந்தத் தடவ மீன நார்வேக்குக் கொண்டு போறேன்."

"ஏன்?"

"கடல்ல இருக்கும்போதே ஏலம் முடிஞ்சிடுது, ஓஸ்லா. எந்த ஆலை, எந்த மணின்னு சொல்லிடறான். போனதும் குழாயப் போடறான், நாலு மணி நேரத்துல தொட்டி காலி. வெலையும் கூட. இங்க வந்தா ஒரு நாள் பூரா கயித்தக் கட்டிட்டு நிக்கணும்."

"நாங்க என்ன பண்றது?"

"ஒரு தடவதான்."

அந்த ஒரு தடவை இரண்டானது. பிறகு வருடத்துக்கு ஒரே ஒரு தடவைதான் ஸ்கார்வோவுக்கு என்று ஆனது. லோரி மட்டுமல்ல, மற்றப் பெரிய படகுகளும் அப்படித்தான். அவனைத் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. ஆலை முதலாளி பழைய எந்திரங்களையே உருட்டிக்கொண்டிருந்தார், விலையையும் கிள்ளித்தான் கொடுத்தார். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நார்வேயிலிருந்து திரும்பும்போது லோரி கொண்டுவருகிற பழுப்புப் பாலாடைக்கட்டியை நான் ஒருமுறை உணவறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். வில்மா அதை மோந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"இது என்ன, எங்க ஓவர்டைம்ல செஞ்ச சீஸா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு பெல்ட்டில் சில உதடுகள் நான் பார்க்கும்போது மூடிக்கொண்டன.

வாரம் ஐந்து நாள் மூன்றானது, மூன்று இரண்டானது. ஒரு மார்ச் மாதம் மேலாளர் எங்களை உணவறைக்குக் கூப்பிட்டார். கையில் வேலை போகிறவர்களின் பட்டியல் வைத்திருந்தார். அதைப் படிக்கவில்லை. "எல்லாரும்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, காகிதத்தை நாலாக மடித்தார். ஒருத்தி எழுந்து போய்த் தேநீர்க் கெட்டிலை அணைத்தாள்.

வில்மா அபெர்டீனுக்குப் போக முடிவு செய்தாள். அங்கே அவள் அக்கா இருந்தாள், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலையும் இருந்தது. வீட்டை விற்க ஒரு வருடம் ஆனது. ஸ்கார்வோவில் வீடு வாங்க யார் இருந்தார்கள்? சாமான்களை லெர்விக் கப்பல்துறைக்கு லோரிதான் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போனான். ஜூன் மாதம், மாலை ஐந்து மணிக்கும் நடுப்பகல் மாதிரி வெளிச்சம். ஏணிப்படி அருகில் லோரி கையை நீட்டினான்.

"நல்லபடியா போய்ட்டு வா, வில்மா."

வில்மா அந்தக் கையைப் பார்த்தாள். தன் கைப்பையை அதில் மாட்டினாள். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாய், கீழிருந்து மேல்வரை போட்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டாள்.

என்னைக் கட்டிப் பிடித்துக் காதில் சொன்னாள். "உன்மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா உன்ன பாக்கும்போதெல்லாம் கோவம் வருது. அதான் போறேன்."

திரும்பி வரும் வழியில் லோரி ஒருமுறை மட்டும், "கைகூடக் குடுக்கல, பாத்தியா" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன் பிறகு பன்னிரண்டு வருடங்கள். எங்கள் வீட்டுக்குப் பெரிய சமையலறை வந்தது, கல்மேசை வந்தது, குடாவைப் பார்த்த கண்ணாடிச் சுவர் வந்தது. அந்தக் கண்ணாடி வழியாக நான் ஆலையின் கூரைத் தகடு துருப்பிடிப்பதைப் பார்த்தேன். பேக்கரி மூடியது. பஸ் வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஆனது. பள்ளியில் பதினான்கு பிள்ளைகள். நான் லெர்விக் கடை ஒன்றுக்குப் பின்னல் சட்டைகள் பின்னிக் கொடுத்தேன். பின்னும்போது என்னையறியாமல் என் உதடு அசையும். யாரோடு பேசுகிறேன் என்று லோரி கேட்பான். யாரோடும் இல்லை என்பேன்.

பிறகுதான் அந்தக் கூட்டம். ஸ்காட்லாந்துப் படகுகளுக்கு மீன்பிடி உரிமம் கொடுப்பது லண்டன் அல்ல, எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து அரசு. அந்த உரிமத்தில் புதிதாக ஒரு நிபந்தனை போட யோசிக்கிறார்கள், ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்க வருகிறார்கள் என்று அஞ்சலகக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எடின்பரோவிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒரு பெண், ஒரு ஆண். விமானத்தில் குலுங்கி வந்ததில் அந்த ஆண் இன்னும் வெளிறிப்போய் இருந்தார். பெண் அதிகாரி எளிதாகத்தான் சொன்னார்.

"நீங்க பிடிக்கிற மீன்ல ஒரு பங்க ஸ்காட்லாந்துத் துறைமுகத்துல இறக்கணும். முதல் வருஷம் குறைவா ஆரம்பிப்போம், போகப் போகக் கூட்டி, பாதிக்கு மேல கொண்டு வருவோம். அதுக்கு இஷ்டமில்லாதவங்க தங்களோட கோட்டாவுல, அதாவது பிடிக்க அனுமதி இருக்கற அளவுல, கொஞ்சத்த விட்டுக் குடுக்கணும். அது மத்த படகுகளுக்குப் போகும்."

முன்வரிசையில் பெரிய படகுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். லோரிதான் எழுந்தான். நன்றாகத்தான் பேசினான், அவனுக்குப் பேச வரும்.

"நான் நாப்பது வருஷமா கடல்ல இருக்கேன். யாரும் எனக்கு எங்க மீன் இருக்குன்னு சொன்னதில்ல, நானே தேடிக்கிட்டேன். இப்ப எங்க விக்கணும்னு சொல்ல வர்றீங்க. நல்ல வெல குடுக்கறவன்கிட்ட விக்கறது தப்பா? நாளைக்கே எல்லாப் படகும் இங்க வந்து நின்னா, இறக்க எங்க ஆலை இருக்கு? வரிசைல நின்னு மீன் நாறும். அந்த நாத்தத்துக்கும் உரிமத்துல எடம் போட்டிருக்கீங்களா?"

முன்வரிசை கைதட்டியது. பின்வரிசையில் பழைய ஆலைப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் உதடுகள் அசைந்தன. அத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்குப் புரிந்தது. 'யாராவது பேசுங்கடி.' 'நீ பேசு.' 'எனக்கு நடுங்குது.' அப்போதுதான் நாற்காலி விழுந்தது.

"நான் ஓஸ்லா ஹல்க்ரோ" என்றேன். "இப்ப பேசினவர் என் வீட்டுக்காரர்."

மண்டபம் முழுக்கத் திரும்பியது. லோரி முன்னாலிருந்து, "ஓஸ்லா, உக்காரு" என்றான்.

"நீ நாப்பது வருஷம் நின்னு பேசிட்ட. நான் ரெண்டு நிமிஷம் நிக்கறேன்."

யாரோ சிரித்தார்கள். யாரோ ஒரு ஆண் குரல், "வீட்டுச் சண்டைய வீட்ல வெச்சுக்கங்கப்பா!" என்றது.

"வீட்ல முடிஞ்சிருந்தா இங்க ஏன் வர்றோம்?" என்றேன். பிறகு லோரியைப் பார்த்துப் பேசினேன். அதிகாரிகளை மறந்தே போனேன். "லோரி, நீ சொன்னதெல்லாம் உண்மை. வெல உண்மை, வரிசை உண்மை. அந்தக் காசுல வாங்கின மேசைலதான் நானும் சாப்பிடறேன், அதையும் ஒத்துக்கறேன். ஆனா மீன நீ தேடிப் பிடிக்கற, சரி. பிடிக்கற உரிமை யாரு குடுத்தா? கடல் உன் பேர்ல எழுதிக் கெடக்கா? அந்தக் காகிதம் இந்த நாட்டோடது. உன் படகு முகப்புல எழுதியிருக்கற பேரு எந்த ஊரு? சொல்லு. நார்வேல அந்தப் பேரப் படிச்சு யாராவது கேட்டாங்களா, ஸ்கார்வோன்னா எங்க இருக்குன்னு? கேட்டா என்ன சொல்லுவ? பள்ளிக்கூடத்துல பதினாலு புள்ளைங்க, ஆலைல புறாக் கூடுன்னு சொல்லுவியா?"

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். பெண் அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். லோரி உட்கார்ந்தான்.

காரில் பாதி வழி கடந்த பிறகு கேட்டான். "நாற்காலிய எதுக்குத் தள்ளின?"

"தள்ளல. விழுந்தது."

"நல்ல சத்தம்" என்றான். அந்த வாரம் முழுக்க எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. அவன் தேநீரை அவனே போட்டுக்கொண்டான். எனக்கும் ஒரு கோப்பை போட்டு, ஒரு வார்த்தை இல்லாமல் மேசையில் வைத்துவிட்டுப் போவான். சண்டையின்போதுகூட அதை மறக்கவில்லை என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

உரிம விதி வந்தது. உடனே இல்லை, மேலும் காலம் பிடித்தது. அது உறுதியானதும், ஸ்காட்லாந்துப் பெருநிலத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து ஆலையை வாங்கியது. புது எந்திரங்கள். அறுபத்திரண்டு பேர் செய்ததை இருபத்தாறு பேர் செய்யலாம். அதில் பாதிப்பேர் லாட்வியாவிலிருந்து வந்தவர்கள். எனக்கு ஐம்பத்தேழு வயது. விண்ணப்பம் போட்டேன். லோரியிடம் சொல்லவில்லை. ஏப்ரனைத் துவைத்துக் கொடியில் போட்டபோது பார்த்தான்.

"இடுப்பு வலின்னு சொல்லிட்டிருந்தியே."

"அது உக்காந்து உக்காந்து வந்தது."

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி காலை 'ஸ்கார்வோ ஸ்டார்' குடாவுக்குள் வந்தது. துறையில் முப்பது பேர் நின்றார்கள். பள்ளி ஆசிரியை பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்திருந்தாள். குழாயை இறக்கினார்கள், பம்ப் இரைந்தது, ஒரு மணி நேரம் மீன் ஓடியது. பிறகு நின்றது. புது எந்திரத்தில் ஏதோ அடைத்துக்கொண்டது. சரிசெய்கிறவர் லெர்விக்கிலிருந்து வர வேண்டும். ஒன்பது மணி நேரம் படகு கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றது.

மூன்று மணிக்கு லோரி ஆலைக்குள் வந்தான். முகம் சிவந்திருந்தது. நேராக என்னிடம் வந்தான்.

"பாத்தியா? இதத்தான் சொன்னேன். இதத்தான் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னேன்!"

"தலைக்கு வலை போடு" என்றேன்.

"என்ன?"

"வலை போடாம யாரும் உள்ள வரக் கூடாது. கேப்டனா இருந்தாலும்."

பெட்டியிலிருந்து ஒரு நீலத் தலைவலையை எடுத்து நீட்டினேன். அவன் அதை இப்படியும் அப்படியும் திருப்பினான். காதுமேல் ஒரு பக்கம் மாட்டி மறுபக்கம் நழுவியது. பக்கத்திலிருந்த லாட்வியப் பெண் ஈவா எட்டி இழுத்துச் சரிசெய்தாள். அதற்குள் எந்திரத்தில் பெல்ட் மட்டும் அரை வேகத்தில் ஓட ஆரம்பித்தது. தொட்டியில் மீன் இருக்கிறது, அதைக் கையால் பிரித்தால்தான் காப்பாற்ற முடியும், ஆள் போதாது. நான் அவனைப் பார்த்தேன்.

"சும்மா கத்தறதுக்குப் பதிலா இங்க நில்லு. அடிபட்டத எடுத்துக் கீழ போடு."

அவன் நின்றான். படகிலிருந்து ஐந்து ஆட்களையும் கூப்பிட்டான். நாற்பது வருடம் மீன் பிடித்தவன், பெல்ட்டில் ஓடுகிற மீனைப் பிடிக்கத் தெரியாமல் திணறினான். பெரியதைச் சிறியதில் போட்டான். நல்லதைக் கீழே எறிந்தான். ஈவா உடைந்த ஆங்கிலத்தில், "மீன் பிடிக்கத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். என் பக்கத்திலிருந்த பெண்கள் குனிந்துகொண்டு குலுங்கினார்கள். லோரி பல்லைக் கடித்தான். பிறகு அவனும் சிரித்துவிட்டான். இரண்டு மணி நேரம் கழித்து விரல்களைப் பார்த்துச் சொன்னான்.

"ஓஸ்லா, கை உணர்ச்சியே இல்ல."

"ம்."

"தெனமும் இப்படித்தான் இருந்துதா?"

"பழைய எந்திரத்துல இன்னும் குளிர்."

அவன் என் கையை ஒருமுறை பார்த்தான், மறுபடி பெல்ட்டைப் பார்த்தான்.

அன்றைக்கு இடைவேளையில் நான் அபெர்டீனுக்குப் போன் செய்தேன். வில்மாவும் நானும் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பிக்கொள்வோமே தவிரப் பேசி வெகுநாளாயிற்று. ஆலை திறந்துவிட்டது, இங்கே ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டேன்.

"எனக்கு அறுபத்தொண்ணு வயசுடி. பேரப்பிள்ளைங்க ரெண்டு இங்க இருக்கு. வர்றதா? போ." குரலைத் தாழ்த்தினாள். "பெல்ட்டு ஓடுதா இப்ப?"

"ஓடுது."

"போனத் தூக்கிப் பிடி. கொஞ்ச நேரம் கேக்கறேன்."

எந்திரத்தின் பக்கம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலிக்கும்வரை நின்றேன். திரும்பக் காதில் வைத்தபோது அவள் இன்னும் இருந்தாள். "சத்தம் வேற மாதிரி இருக்கு" என்றாள். "பரவால்ல." பிறகு கேட்டாள், "யாரு படகு?"

"லோரியோடது."

"ம். எத்தன மணி நேரம் காத்துக் கெடந்தான்?"

"ஒன்பது."

அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. போனைக் காதிலிருந்து விலக்கித்தான் பிடிக்க முடிந்தது.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் பொய். பேக்கரி திறக்கவில்லை, ரொட்டி லெர்விக்கிலிருந்துதான் வருகிறது. பள்ளியில் பத்தொன்பது பிள்ளைகள், அதில் ஏழு பேர் வீட்டில் லாட்விய மொழி பேசுகிறவர்கள். மதிய மணிச் சத்தம் உணவறைவரை கேட்பதில்லை. புதுச் சுவர்கள் தடிமன். இடைவேளையில் நான் வெளியே போய் நின்று கேட்பேன். வெல்டிங் பட்டறைக்காரர் இரண்டு ஆட்களைச் சேர்த்திருக்கிறார். பஸ் மறுபடி தினமும் வருகிறது. லோரி விலையைப் பற்றி இன்னும் குறைப்படுகிறான். எடின்பரோவில் இருப்பவர்கள் மீனைத் தட்டில்தான் பார்த்திருப்பார்கள் என்று வாரம் ஒருமுறையாவது சொல்வான். நான் மறுப்பதில்லை, சிலசமயம் அவன் சொல்வது சரிதான்.

மூன்றாவது வருடம், அதாவது சென்ற நவம்பரில், லோரி இங்கே இறக்கவேண்டிய பங்கு முழுவதையும் இறக்கி முடித்திருந்தான். பாதிக்கு மேல் என்று விதி சொன்னதை நிறைவேற்றியாகிவிட்டது. கடைசிப் பிடிப்பை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். நார்வேயில் அந்த வாரம் விலை ஏறியிருந்ததாக அவனே போனில் சொன்னான். நான் சரி என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஈவா என் தோளைத் தட்டி ஜன்னலைக் காட்டினாள். 'ஸ்கார்வோ ஸ்டார்' குடாவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. நான் ஏப்ரனோடு துறைக்குப் போனேன். லோரி மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன இங்க வந்துட்ட?"

"கெழக்கால, நார்வே பக்கம் காத்து மோசம்."

கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. கம்பத்தில் கட்டிய கொடிகூட அசையவில்லை. துறையில் நின்ற எல்லோரும் அந்தக் கொடியைப் பார்த்தார்கள், பிறகு காலடியைப் பார்த்தார்கள்.

"ஆமா, ரொம்ப மோசம்" என்றேன். "ஒரு படகு முன்னாடி நிக்குது. ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

"ஆகட்டும்" என்றான் லோரி. "டீ போடறேன். மேல வா."